சாட்சியத்தின் மொழி: டிரையாங்கிள் ஆலைத் தீயும் அச்சுச் சான்றுகளும்

உழைப்பவர் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு நேரும் முதல் இடர்ப்பாடு சான்றுத் தட்டுப்பாடே ஆகும். ஆலை உடைமையாளரின் கணக்கேடு எஞ்சும். ஊசி பிடித்தவரின் சொல் எஞ்சுவது அரிது. அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றில் இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுவது நியூயார்க் நகரத்து டிரையாங்கிள் ஆலைத் தீயாகும்.

1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை. ஆஷ் கட்டடத்தின் 8, 9, 10ஆம் மாடிகளில் மகளிர் மேற்சட்டை தைத்த அவ்வாலையில் மூண்ட தீ 146 உயிர்களைக் கொண்டது. மாண்டோருள் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் குடியேறிய இளம்பெண்கள். 1909 நவம்பரில் கூப்பர் யூனியன் மண்டபத்தில் கிளாரா லெம்லிச் என்னும் இளந்தொழிலாளி இத்திஷ் மொழியில் முழங்கியதைத் தொடர்ந்து, ஏறத்தாழ 20,000 தையல் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பல ஆலைகள் சங்கத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டன. டிரையாங்கிள் சங்கத்தை ஏற்கவில்லை.

தீக்குப் பின் எழுந்த சான்றுகள் பலவகையின. 'ஃபார்வர்ட்' என்னும் இத்திஷ் நாளிதழ், தாமும் தையற்கூடத்தில் உழைத்த கவிஞர் மோரிஸ் ரோசன்ஃபெல்டின் இரங்கற்பாவைத் தன் முதற்பக்கத்தில் வெளியிட்டது. சங்கத் தலைவி ரோஸ் ஷ்னைடர்மன் ஏப்ரல் 2ஆம் நாள் ஆற்றிய உரை 'சர்வே' இதழில் அச்சேறியது. மாநில அரசு அமைத்த ஆலை விசாரணைக் குழுவின் அறிக்கைகள் புதிய பாதுகாப்புச் சட்டங்களுக்கு வழிகோலின.

ஆயினும், ஆழ்ந்து நோக்கத்தக்கது நீதிமன்றப் பதிவே. 9ஆம் மாடிக் கதவு பூட்டியிருந்ததைக் கேட் ஆல்டர்மன் என்னும் தொழிலாளி எடுத்துரைத்தார். உடைமையாளரின் வழக்கறிஞர் மாக்ஸ் ஸ்டூயர் அக்கூற்றை மீண்டும் மீண்டும் சொல்லச் செய்தார். அப்பெண்ணோ ஏறக்குறைய அதே சொற்களையே ஆண்டார். மனப்பாடம் செய்வித்த சாட்சியம் இது என்னும் ஐயத்தை நடுவர் நெஞ்சில் ஊன்ற அதுவே போதுமானதாயிற்று. 1911 டிசம்பரில் உடைமையாளர் இருவரும் விடுதலை பெற்றனர்.

ஒரே சொற்களில் திரும்பக் கூறுவது பொய்யின் அடையாளமா? கவிதை வல்லோர் இவ்வினாவுக்கு வேறு விடை கூறக்கூடும். பெருந்துயர் நெஞ்சில் ஒரு வடிவமாக உறைந்துவிடுகின்றது. அதன் சொற்களை மாற்றினால் துயரையே மாற்றியதாகும். ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று.

காலத்தின் முரண் மேலும் வியப்புக்குரியது. அவ்வழக்கின் அரசுப் படி பிற்காலத்தில் காணாமற்போயிற்று. ஸ்டூயர் தமக்கெனப் பாதுகாத்த தொகுதிகளிலிருந்தே பெரும்பகுதி மீட்கப்பெற்று, டேவிட் வான் டிரேல் 2003இல் வெளியிட்ட நூலுக்குத் துணையாயிற்று. தொழிலாளியின் சொல்லை மன்றத்தில் வீழ்த்தியவரின் அலமாரியே அச்சொல்லைக் காத்தது! சங்க இதழாசிரியர் லியோன் ஸ்டைன், உயிர்பிழைத்தோரை நேரிற்கண்டு 1962இலேயே எழுதிய நூலும் இவ்வகையில் அரும்பணி செய்தது.

எனினும், மாண்டோருள் அறுவர் நூறாண்டுகள் பெயரற்றே கிடந்தனர். மைக்கேல் ஹிர்ஷ் என்பார் பழைய நாளிதழ்களையும் ஆவணங்களையும் துருவி 2011இல் அவர்தம் பெயர்களைக் கண்டறிந்தார். 2023இல் அக்கட்டடத்திலேயே எழுந்த நினைவுச் சின்னம் 146 பெயர்களையும் தாங்கி நிற்கின்றது.

வரலாறு எழுதுவோர் புள்ளிகளைக் கூட்டுவர். பெயர்களைத் தேடுவோர் சிலரே. எழுதுகோல் ஏந்திய நம் வட்டத்தார் அச்சிலரோடு நிற்றல் வேண்டும்.