பொலியெசுத்தரின் வரலாறு: ஒருபகுதியத் தெரிவும் அதன் விளைவும்

பூனாகலை போன்ற ஊவா மலைத்தோட்டங்களின் லயக் கொடிகளில் உலரும் சேலைகள் பலவும், அங்குள்ள ஓடைக்கரைகளில் ஒதுங்கும் நீர்ப்போத்தல்களும் ஒரே பல்பகுதியத்தால் ஆனவை. அது பொலியெதிலீன் தெரெப்தலேற்று. எந்த ஒருபகுதியத்தை எதனோடு எவ்வளவு சேர்ப்பது என்னும் வினாவின் வரலாறே அதன் வரலாறு எனலாம்.

1930 இல் அமெரிக்காவின் டூப்பொன்ட் நிறுவனத்தில், வொலஸ் கரோதர்சின் ஆய்வுக் குழுவைச் சேர்ந்த ஜூலியன் ஹில் பொலியெசுத்தரிலிருந்து இழை இழுத்துக் காட்டினார். அவர்கள் கையாண்டவை நேர்சங்கிலி அமிலங்கள். சங்கிலி எளிதில் வளைந்தமையால் இழை தாழ்ந்த வெப்பநிலையிலேயே உருகிற்று, வெந்நீரையும் தாங்கவில்லை. எனவே கரோதர்சு பொலியேமைட்டுகளை நாடினார். 1935 இல் நைலோன் பிறந்தது.

கைவிடப்பட்ட பாதையில் மீண்டும் நடந்தவர்கள் இங்கிலாந்தின் கலிக்கோ பிரின்டர்ஸ் அசோசியேஷன் ஆய்வாளர்களாகிய ஜோன் வின்பீல்டும் ஜேம்ஸ் டிக்சனும் ஆவர். 1941 இல் அவர்கள் எதிலீன் கிளைக்கோலுடன் தெரெப்தாலிக்கு அமிலத்தைச் சேர்த்தனர். இவ்வமிலத்தின் இரு காபொட்சிற் கூட்டங்களும் பென்சீன் வளையத்தின் எதிரெதிர் முனைகளில் உள்ளன. ஆதலின் சங்கிலிகள் நேராக நீண்டு ஒழுங்குற அடுக்கப்பெறுகின்றன. உருகுநிலை ஏறத்தாழ 260 பாகை செல்சியசுக்கு உயர்ந்தது. அக்கூட்டங்கள் அடுத்தடுத்து அமைந்த தாலிக்கு அமிலமோ சங்கிலியை வளைத்து அவ்வொழுங்கைக் குலைக்கும். அணுக்கள் அவையே, இடம் மாறவே இயல்பும் மாறியது.

அளவும் இங்கு முதன்மையானது. நீண்ட சங்கிலி அமைய அமிலக் கூட்டங்களும் மதுசாரக் கூட்டங்களும் சமமாதல் வேண்டும். நடைமுறையில் கிளைக்கோலை மிகையாக இட்டு, எஞ்சியதை வெற்றிடத்தில் வெளியேற்றுவர். போதிய தூய்மையுடைய அமிலம் அரிதாயிருந்தமையால், 1960களின் நடுப்பகுதிவரை அதன் இருமெதயில் எசுத்தரே பெரிதும் பயன்பட்டது.

எனினும், வலிமை தந்த வளையமே மக்காமைக்கும் காரணமாயிற்று. நுண்ணுயிர்கள் நேர்சங்கிலிப் பொலியெசுத்தர்களை எளிதிற் சிதைக்கும். அரோமற்றிக் பங்கு மிகுந்தால் சிதைவு தடைப்படும். இதனை உணர்ந்தே, ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எப். நிறுவனம் 1998 இல் தெரெப்தாலிக்கு அமிலத்துடன் நேர்சங்கிலி அடிப்பிக்கு அமிலத்தையும் கலந்து, உரக்குவியலில் மக்கும் எக்கோபிளெக்ஸ் என்னும் பொலியெசுத்தரைச் சந்தைப்படுத்தியது. கரோதர்சின் இழைக்குக் குறையாயிருந்த நெகிழ்ச்சி, ஏறத்தாழ எழுபதாண்டுகளின் பின் வேண்டப்படும் பண்பாகத் திரும்பிற்று.

ஓடைக்கரையில் ஏற்கெனவே கிடக்கும் போத்தலுக்கு இத்திருத்தம் உதவாது. பயனுக்கு உரிய உறுதியை மட்டுமன்றி, பயன் முடிந்தபின் வரும் நிலையையும் ஒருபகுதியத்தைத் தெரியும்போதே எண்ணுதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடம்.