தொழிற்சொல்லும் போட்டிச்சொல்லும்: கொச்சிக் காயல் வழக்குகளை முன்வைத்து

முன்னுரை

அன்றாடத் தொழிலிலிருந்து விளையாட்டுப் பிறத்தல் உலகின் பல பகுதிகளில் காணப்படும் வழக்காகும். ஐரோப்பாவில் பாசுக்கு மக்கள் 'எர்ரி கிரோலாக்', அதாவது 'ஊர் விளையாட்டுகள்' என வழங்கும் போட்டிகள் இதற்குத் தக்க சான்று. மரம் வெட்டுதல், கல் தூக்குதல் ஆகியவை அங்குப் போட்டிகளாக வளர்ந்தன. நெத்திலியும் சாளையும் பிடிக்கப் பயன்பட்ட 'திரைனேரா' என்னும் படகு, மீனை முதலில் கரைசேர்த்தவர்க்கு நல்ல விலை கிடைத்தமையால் விரைவோட்டப் படகாயிற்று. தொனோசுதியா நகரின் கொஞ்சாக் குடாவில் 1879 முதல் அப்படகுகள் பந்தயம் ஓடுகின்றன.

இவ்வாறான மாற்றம் நிகழும்போது தொழிற்சொற்கள் என்னவாகின்றன என்பதையும், எல்லாத் தொழிற்போட்டியும் விளையாட்டாகிவிடுமா என்பதையும் கொச்சி, மட்டாஞ்சேரிப் பகுதி வழக்குகளைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவிப்பெயர் போட்டிப்பெயராதல்

முதற்கண் வயல்சார்ந்த இரு சான்றுகளை நோக்கலாம். கேரளத்தின் சேற்று வயல்களில் மாடுகளை ஓட்டும் போட்டிக்கு 'மரமடி' என்று பெயர். இதிலுள்ள 'மரம்', உழுத சேற்றைச் சமன்செய்யும் பலகையைக் குறிக்கும். தமிழுழவர் 'பரம்படித்தல்' என்பதும் இவ்வேலையையே. துளுநாட்டின் 'கம்பளா' எருமையோட்டத்தில் போட்டிப் பிரிவுகளே 'நேகிலு', 'ஹக்க', 'அட்ட ஹலகெ' என அமைந்துள்ளன. இவை முறையே கலப்பை, கயிறு, குறுக்குப்பலகை எனப் பொருள்படும். நேகிலு என்பது தமிழின் 'நாஞ்சில்' என்பதற்கு இனமான சொல்லாகும். வயலுக்கு இழுவை இயந்திரம் வந்த பின்னரும் கருவியின் பெயரைப் போட்டி காத்து நிற்கிறது.

வள்ளங்களின் பெயர்கள்

நீரிலும் இந்நிலையே காணப்படுகிறது. பண்டித சவாகர்லால் நேரு 1952இல் ஆலப்புழைக்கு வந்ததையொட்டித் தோன்றிய நேரு கோப்பைப் போட்டியில் பலவகை வள்ளங்கள் தனித்தனிப் பிரிவுகளாக ஓடுகின்றன. இவற்றுள் 'சுண்டன்' வடிவத்தால் பெற்ற பெயர். மலையாளத்தில் 'சுண்டு' என்பது உதட்டையும் அலகையும் குறிக்கும். தமிழில் அது 'சொண்டு'. ஏனைய சில பெயர்கள் செயலால் அமைந்தவை.

'வெப்பு வள்ளம்' என்பதைக் கேட்கும் தமிழர் சூடு என்னும் பொருளை நினைக்கக்கூடும். அது பிழையாகும். சோறு வைத்தல், கறி வைத்தல் என நாம் வழங்கும் 'வைப்பு' என்பதே மலையாளத்தில் 'வெப்பு' ஆயிற்று. தமிழ் 'வைக்க' என்பது மலையாளத்தில் 'வெக்க' என வருதலோடு இதனை ஒப்பிடலாம். போர்ப்படகுகளைப் பின்தொடர்ந்து சென்று உணவளித்த சமையற்படகு அது என்பது மரபுச் செய்தி. 'இருட்டுகுத்தி' என்பது இருளைக் குத்திச் செல்லும் படகு. இரவுக்காவலுக்கும் கள்ளக்கடத்தலுக்கும் அது பயன்பட்டதாக வாய்மொழி வழக்கு கூறுகிறது. அதற்கு 'ஓடி' என்னும் பெயரும் உண்டு.

சுண்டன் வள்ளத்தின் நடுவிலுள்ள மேடை 'வெடித்தடி' எனப்படும். போர்க்காலத்தில் அங்கே பீரங்கி இருந்தது. இன்று துடுப்புக்குத் தாளம் கொடுப்போர் அங்கே நிற்கின்றனர். வெடி போயிற்று, சொல் நின்றது. துடுப்பைக் குறிக்கும் 'துழ' தமிழின் 'துழாவு' என்பதோடும், படகின் முன்பகுதியைக் குறிக்கும் 'அணியம்' அதே வடிவிலுள்ள தமிழ்ச் சொல்லோடும் ஒத்தவை. ஆறன்முளையில் பள்ளியோடங்கள் ஓடுவதற்கும், திருவோண விருந்துக்கான பொருள்களை ஏற்றிவந்த தோணிக்குத் துணைசென்ற கடமையையே மரபு காரணமாகக் கூறுகிறது.

மட்டாஞ்சேரி: பந்தயமாகாத உழைப்பு

இவ்வள்ளங்கள் ஓடிய அதே நீர்வழியில்தான் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவின் வாணிகமும் நிகழ்ந்தது. அங்குள்ள பண்டகசாலைகளுக்கு ஒரு வாயில் தெருவை நோக்கியும் மற்றொன்று நீரை நோக்கியும் இருந்தன. குட்டநாட்டிலிருந்து நெல்லும் பிற சரக்கும் 'கெட்டுவள்ளங்களில்' வந்தன. ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைக் கட்டியமையால் இப்பெயர் அமைந்தது. கழுக்கோலால் ஊன்றித் தள்ளப்பட்ட இப்படகு விரைவுக்கானதன்று. ஆகவே பந்தயத்திற்கு வரவில்லை. பிற்காலத்தில் சுற்றுலாவுக்குரிய வீட்டுப்படகாயிற்று.

இராபர்ட் பிரிசுடோவின் பணியால் 1928இல் பெருங்கப்பல் உள்துறைமுகத்தில் நுழைந்தபின், சுமை ஏற்றி இறக்கும் வேலை பெருகியது. வேலை தேடி வந்தோர் தொகை வேலையினும் மிகுந்திருந்தது. அந்நிலையில் நிலவியதே 'சாப்பா' முறை. ஒப்பந்தக்காரரின் ஆள் உலோக வில்லைகளைக் கூட்டத்தினுள் வீசுவான். எடுத்தவனுக்கு அன்று வேலை, எடுக்காதவனுக்குப் பட்டினி. ஒருவர்மேல் ஒருவர் விழுந்து தொழிலாளர் காயமுற்றனர். இச்சொல், உலோகத் தகட்டைக் குறிக்கும் 'சாப்பா' என்னும் போர்த்துக்கீசியச் சொல்லோடு ஒலியாலும் பொருளாலும் பொருந்துகிறது. கொச்சியில் போர்த்துக்கீசியர் 1663 வரை நிலைபெற்றிருந்தமையும் இதற்குத் துணையாகும். முத்திரை எனப் பொருள்படும் இந்தி 'சாப்' என்பதும் கருதத்தக்கது.

இம்முறையை ஒழிக்கக் கோரித் தொழிலாளர் போராடினர். 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச்சூடு நடந்தது. காவல்துறை நடவடிக்கையில் சைது, சைதலவி, ஆன்டணி ஆகிய மூவர் உயிரிழந்தனர். துறைமுகத் தொழிலாளர் வேலைவாய்ப்பை ஒழுங்குபடுத்தும் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் கொச்சியில் 1959இல் தொழிலாளர் வாரியம் அமைந்தது.

ஒப்புநோக்கு

வள்ளங்களிலும் போட்டி இருந்தது. சாப்பாவிலும் போட்டி இருந்தது. வலிமை, விரைவு, காண்போர் கூட்டம் ஆகிய மூன்றும் இரண்டிற்கும் பொது. எனினும் முன்னது விழாவாயிற்று, பின்னது கிளர்ச்சியாயிற்று. பாசுக்கு மரவெட்டி தன் கோடரித்திறத்தைத் தானே பந்தயம் வைத்தான். துடுப்பாளர் தம் கரைக்காகத் துடுப்பிட்டனர். தோற்றவரும் மாலையில் உண்டனர். சாப்பாவில் தோற்றவனுக்கு உணவில்லை. போட்டியின் விதியும் அவன் வகுத்ததன்று. விளையாட்டு பிறப்பதற்கு உழைப்பு மட்டும் போதாது. விரும்பி இறங்கவும் விலகவும் உழைப்பவனுக்கு உரிமை வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

முடிவுரை

தொழில் மறைந்தபின்னும் தொழிற்சொற்களைப் போட்டிகள் காக்கின்றன. வெப்பு, வெடித்தடி, மரமடி, நேகிலு ஆகியன அதற்குச் சான்றுகள். 2019இல் தொடங்கிய சாம்பியன்சு படகுப் போட்டித் தொடரின் ஒரு சுற்று கொச்சி மரைன் டிரைவுக் காயலில் நடந்தபோதும் இச்சொற்கள் உடன்வந்தன. ஆயின் போட்டி காக்கும் நினைவு முழுமையானதன்று. பெருமைக்குரிய உழைப்பையே அது தேர்ந்து காக்கிறது. 'சாப்பா' போன்ற சொற்களுக்குக் கோப்பையோ பாட்டோ துணையில்லை. அம்முறையை அறிந்த முதியோர் அருகிவரும் இந்நாளில், மட்டாஞ்சேரிச் சுமைத்தொழிலின் சொற்களைத் தொகுத்தல் மொழியியலாரின் உடனடிக் கடமையாகும். விழாவில் ஒலிக்கும் சொல்லைப் பலர் காப்பர். விழா இல்லாத சொல்லை அகராதியே காத்தல் வேண்டும்.