வைஸ் சிட்டியும் பெங்களூரு பசங்களும்

ஜிடிஏ வைஸ் சிட்டி ஆடாத வட சென்னைப் பையன் உண்டா? கொருக்குப்பேட்டை பிரவுசிங் சென்டர்ல ஒரு கம்ப்யூட்டர் முன்னாடி நாலு பேர் உக்காந்து ஆடுனவங்க நாங்க. அந்த கேமை எடுத்த கும்பலுக்கும் நம்ம ஊர்க் கம்பெனி ஒண்ணுக்கும் ஒரு தொடர்பு இருக்கு மக்களே. நைட் டூட்டி முடிச்சிட்டு எழுதுறேன், த்ரெட் கொஞ்சம் நீளம்.

கதை ஸ்காட்லாந்துல டண்டீன்னு ஒரு துறைமுக ஊர்ல ஆரம்பிக்குது. சணல் ஆலைகளால வாழ்ந்த ஊர். சணல் போனது நம்ம வங்காளத்துல இருந்து! அப்புறம் ஆலைகள் ஒவ்வொண்ணா மூடுச்சு. மில்லு மூடுனா ஊர் என்ன ஆகும்னு பின்னி மில்லைப் பாத்த நமக்கு யாரும் சொல்லித் தர வேணாம்.

80-கள்ல அங்க டைமெக்ஸ் ஃபேக்டரி மிச்சம் இருந்துச்சு. இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்னு ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரை அங்கதான் அசெம்பிள் பண்ணாங்க. டிவியில மாட்டி, ஆடியோ கேசட்ல இருந்து கேமை ஏத்தணும். அந்த ஃபேக்டரியில அப்ரென்டிஸா இருந்தவர் டேவிட் ஜோன்ஸ். ஆட்குறைப்பு வந்தப்ப, கைக்கு வந்த பணத்துல அமிகா கம்ப்யூட்டர் வாங்கினார். கம்ப்யூட்டர் கிளப் நண்பர்களோட சேர்ந்து டிஎம்ஏ டிசைன்னு கம்பெனி ஆரம்பிச்சார். 1991-ல லெம்மிங்ஸ், 1997-ல முதல் ஜிடிஏ. பின்னாடி அதுவே ராக்ஸ்டார் நார்த் ஆகி, 2002-ல வைஸ் சிட்டி.

அதே 1997. பெங்களூருல ராஜேஷ் ராவ்ங்கிற இளைஞர் துருவா இன்டராக்டிவ் தொடங்குறார். இந்தியாவோட முதல் கேம் கம்பெனிகள்ல ஒண்ணு. பிரெஞ்சு நிறுவனம் இன்ஃபோகிராம்ஸ், மிஷன் இம்பாசிபிள் கேமை பிசிக்கு மாத்துற வேலையைக் கொடுத்துச்சு. பசங்க உழைச்சாங்க. ஆனா அந்த பிசி கேம் கடைசி வரைக்கும் வெளிய வரவே இல்ல.

சொந்தமா கேம் பண்ணி இங்கேயே வித்திருக்கலாமேன்னு கேப்பீங்க. யாருக்கு விக்கிறது? பர்மா பஜார்ல எந்த கேமும் காப்பி சிடியில சல்லிசா கிடைச்ச காலம் அது. அதனால வெளிநாட்டு கேம்களுக்கு கார், கட்டடம், ஆயுதம்னு வரைஞ்சு கொடுக்குற வேலைக்கு துருவா திரும்புச்சு. மைக்ரோசாஃப்ட்டோட ஃபோர்சா கார்கள்லயும் அவங்க கை இருக்கு. ஹார்பர் வேலை மாதிரிதான். சரக்கு நம்ம தோள் மேல இறங்கும், ஆனா சரக்கு வேற ஒருத்தரோடது. இதை இளக்காரமா சொல்லல. 300 பேருக்கு மேல இதுல சோறு சாப்பிட்டாங்க, தொழிலும் கத்துக்கிட்டாங்க. இருந்தாலும் மனசு ஆறல.

2016-ல ஸ்வீடனோட ஸ்டார்ப்ரீஸ் துருவாவை வாங்குச்சு. அவங்களுக்குப் பண நெருக்கடி வந்ததும் 2019-ல கை மாத்திட்டாங்க, சுமார் 79 லட்சம் டாலருக்கு. வாங்கினது யார் தெரியுமா? அதே ராக்ஸ்டார்! இப்ப பெங்களூருல அது ராக்ஸ்டார் இந்தியா.

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் வைஸ் சிட்டி ஆடுனவங்க, எந்த சென்டர், மணிக்கு எவ்ளோன்னு கமென்ட்ல சொல்லுங்க. நான் தூங்கி எழுந்து படிக்கிறேன்.