கடற்படைக்குக் கட்டியெழுப்பிய வில்லியம் ஸ்காம்ப்

விக்டோரியா மகாராணியார் காலத்துக் கட்டடக் கலையைப் பற்றிப் பேசுவோர் மாளிகைகளையும் நாடாளுமன்றத்தையுமே எடுத்துரைப்பர். கடற்படைக்குப் பாண் சுடும் சாலையும் கப்பல் திருத்தும் துறையும் அமைத்தோரை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அவ்வாறு மறக்கப்பட்டவருள் ஒருவர் வில்லியம் ஸ்காம்ப்.

1801ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டெவன் பகுதியிற் பிறந்த ஸ்காம்ப், வின்சர் அரண்மனையைப் புதுப்பித்த சேர் ஜெவ்றி வயற்வில் என்பாரிடம் உதவியாளராய் விளங்கினார். 1838இல் கடற்படையின் கட்டட வேலைப் பகுதியிற் சேர்ந்தார். 1841இல் மத்தியதரைக் கடலிலுள்ள மால்ற்றாத் தீவுக்கு அனுப்பப்பெற்றார்.

மால்ற்றா அன்று பிரித்தானியக் கடற்படையின் பெருந்தளம். உணவின்றி மாலுமிகள் வாடுவாராயின் பீரங்கிகள் இருந்தும் பயன் யாது? ஆதலால் பேர்கு நகரின் கரையிலே, முன்னாளில் தூய யோவானின் வீரர் குழாம் துடுப்புக் கப்பல்களை வைத்திருந்த இடத்தில், ஸ்காம்ப் பெரியதொரு வெதுப்பகத்தை எழுப்பினார். நீராவியின் துணைகொண்டு அங்கே மாலுமிகளுக்கான பாணும் விசுக்கோத்தும் ஆக்கப்பட்டன. அதன் முகப்பு வின்சர் அரண்மனையை நினைவூட்டுவதென்பர்.

அவ்வேளையில் மற்றொரு பொறுப்பும் அவர் தோளில் ஏறியது. விதவையான அடிலெயிட் அரசியார் தம் பொருள் கொண்டு வலெற்றா நகரில் தூய பவுல் தேவாலயத்தைக் கட்டுவித்தார். 1839இல் றிச்சாட் லாங்கர்ஷியரின் திட்டப்படி வேலை தொடங்கிற்று. ஆயின் கட்டட அமைப்பிற் குறைபாடுகள் தோன்றின. அரசியாரின் கொடை வீணாகுமோ என்னும் நிலையில் ஸ்காம்ப் அதனை ஏற்றுத் திருத்தி, 1844இல் முடித்துக் கொடுத்தார். புதிதாகக் கட்டுவதினும் பிறர் தொடங்கிய குறையைத் தீர்த்தல் அரிது.

அவர் திட்டமிட்ட உலர்துறை 1848இல் நிறைவுற்றது. 1852இல் அவர் கடற்படைக் கட்டட வேலைகளின் துணைப் பணிப்பாளரானார். தலைமைப் பதவியோ இராணுவப் பொறியியலாளருக்கே உரியதாய் இருந்தது. இராணுவத்தைச் சேராத ஸ்காம்ப் 1867இல் துணைப் பணிப்பாளராகவே ஓய்வுபெற்றார், 1872இல் காலமானார்.

அவர் கட்டிய வெதுப்பகம் 1992இல் கடல்சார் அரும்பொருளகமாயிற்று. தேவாலயத்தின் உயர்ந்த கோபுரம் வலெற்றாத் துறைமுகத்திற்கு இன்றும் அழகு செய்கின்றது. பதவி தராத பெருமையைப் பணி தந்து நிற்கின்றது.