கொலை-இறப்பு விகிதம்

கொலை-இறப்பு விகிதம் (கே/டி) என்பது பலர் சேர்ந்து ஆடும் சுடுதல் நிகழ்பட ஆட்டங்களில், ஓர் ஆட்டக்காரர் எதிரிகளை வீழ்த்திய எண்ணிக்கையைத் தாம் வீழ்ந்த எண்ணிக்கையால் வகுக்கக் கிடைக்கும் எண் ஆகும். 15 முறை வீழ்த்தி 10 முறை வீழ்ந்தவரின் விகிதம் 1.5.

நல்ல விகிதம்

இரு அணிகள் மோதும் ஆட்டங்களில் ஒருவரின் கொலை மற்றொருவரின் இறப்பாகும். ஆகவே தற்கொலை, தவறி விழுதல் போன்றவற்றை நீக்கினால், அனைவரையும் சேர்த்துக் கணக்கிடும் விகிதம் எப்போதும் 1. இதற்கு மேல் எடுப்பவர் தம் எதிராளிகளை விடச் சற்று மேம்பட்டவர் எனலாம். சமதிறன் கொண்டோரை இணைக்கும் ஆட்டங்களில் திறமையானவரின் விகிதமும் 1-ஐ நெருங்கிவிடும்.

பப்ஜி போன்ற ஆட்டங்களில் கணக்கு வேறு. 100 பேரில் ஒருவரே எஞ்சினால் வீழ்ந்தோர் 99 பேர். எனவே ஆட்டம் ஒன்றுக்கான சராசரிக் கொலை 0.99-ஐத் தாண்டாது. ஆனால் பப்ஜி மொபைலில் கணினி இயக்கும் பாட்களும் கலந்திருப்பதால் மனித ஆட்டக்காரர்களின் விகிதம் உயர்ந்துவிடுகிறது. அங்கு 3 என்பதும் பெருந்திறமைக்குச் சான்றன்று.

இந்தியாவில்

பப்ஜி மொபைல் 2020 செப்டம்பர் 2 அன்று இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. 2021 சூலையில் வெளியான பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியாவில் 'கில்' என்பதற்குப் பதில் 'ஃபினிஷ்' இடம்பெற்றதால், அதன் ஆட்டக்காரர்கள் இதனை எஃப்/டி என்பர்.

விமர்சனம்

விகிதத்தைக் காக்க ஒரே மூலையில் பதுங்கியிருக்கும் 'கேம்பிங்' அணியின் தோல்விக்கு வழிவகுக்கும். காயமுற்ற தோழரை மீட்பவரின் பங்கும், முதலில் உள்நுழைந்து வழி திறப்பவரின் பங்கும் இவ்வெண்ணில் பதிவாவதில்லை. பின்னவருக்கு இது பெரும்பாலும் குறைந்தே காணப்படும்.