வான்கோழிக் கொட்டகையில் பிறந்த மரம்வெட்டி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ராத்சே என்று ஒரு சிற்றூர். அதனருகே சிரில் கெல்லர், லூயிஸ் கெல்லர் என்ற அண்ணன் தம்பி இருவர் பட்டறை வைத்திருந்தார்கள். உழவர்களின் உடைந்த கருவிகளைப் பற்றவைத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. 1956-ல் எடி வேலோ என்ற வான்கோழிப் பண்ணையாளர் அவர்களிடம் ஒரு குறையோடு வந்தார். அவருடைய கொட்டகைக்குள் வரிசையாகத் தூண்கள். டிராக்டர் உள்ளே நுழைந்தால் திரும்ப முடியாது. எருவை ஆட்கள்தான் அள்ள வேண்டும். தூண்களுக்கு நடுவே சுழலக்கூடிய, மேல்தளத்துக்கும் ஏற்றக்கூடிய எடை குறைந்த வண்டி ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது.

1957 பிப்ரவரியில் வண்டி தயாரானது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் தானாகத் திரும்பும் ஒற்றைச் சக்கரம். முதலில் பெல்ட்டில் ஓடியது, ஆனால் பெல்ட் தாக்குப்பிடிக்கவில்லை. பிறகு சகோதரர்கள் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் கிளட்ச் வைத்தார்கள். ஸ்டீயரிங் கிடையாது. இடதுபக்கச் சக்கரம் முன்னே போக, வலதுபக்கம் பின்னே போனால் வண்டி நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். இன்று பல லட்சக்கணக்கில் ஓடும் ஸ்கிட் ஸ்டியர் வண்டிகளின் அடிப்படை இவ்வளவுதான்!

இருவரிடமும் கைத்திறன் இருந்தது, தொழிற்சாலை வைக்கும் முதல் இல்லை. வடக்கு டக்கோட்டாவின் க்வின்னர் ஊரில் விவசாயக் கருவிகள் செய்துவந்த மெல்ரோ குடும்ப நிறுவனம் 1958 மினசோட்டா மாநிலக் கண்காட்சியில் தன் அரங்கிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தது. கூட்டம் மொய்த்தது. மெல்ரோ தயாரிப்பு உரிமையைப் பெற்றுக்கொண்டு, சகோதரர்களுக்கு வேலையும் ராயல்டியும் கொடுத்தது. வணிகவியல் பாடத்தில் உதாரணமாகச் சொல்லத் தகுந்த ஒப்பந்தம் இது. 1960-ல் நான்கு சக்கர எம்-400 வந்தது. 1962-ல் வந்த எம்-440-க்குத்தான் 'பாப்கேட்' என்று பெயர். அது அங்குள்ள ஒரு காட்டுப்பூனையின் பெயர். 1969-ல் மெல்ரோவை கிளார்க் நிறுவனம் வாங்கியது, 2007-ல் பாப்கேட் கொரியாவின் டூசான் கைக்குப் போனது. கெல்லர் சகோதரர்களுக்கு அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் மன்றத்தில் இடம் கிடைத்தது 2023-ல். அப்போது இருவருமே உயிரோடு இல்லை.

எரு அள்ளிய வண்டி மரம் வெட்டப் போனது எப்படி? 1970-ல் வந்த 'பாப்-டாக்' என்ற விரைவு மாட்டி அதற்குப் பெரிய வழி திறந்தது. வாளியைக் கழற்றிவிட்டு வேறு கருவியை நிமிடங்களில் மாட்டலாம் என்றானதும் வாளி வண்டி பல தொழில் செய்யும் வண்டியாகிவிட்டது.

இங்கேதான் கதையில் ஒரு வேடிக்கை. 1930-களில் அமெரிக்கச் சமவெளியில் புழுதிப்புயல் அடித்து மண் பறந்தது. 1934-ல் அதிபர் ரூஸ்வெல்ட் காலத்து அரசு காற்றுத்தடுப்பு மரவேலித் திட்டத்தைத் தொடங்கி, வடக்கு டக்கோட்டா முதல் டெக்சாஸ் வரை 1942-க்குள் ஏறத்தாழ 22 கோடி மரங்கள் நட்டது. அவற்றில் ஒன்று கிழக்குச் செஞ்சிடார். அதற்கு முன் புல்வெளித் தீ அந்த மரத்தைப் பாறை இடுக்குகளிலேயே அடக்கி வைத்திருந்தது. குடியேறியவர்கள் தீயை அணைக்கப் பழகியதும் மரம் மேய்ச்சல் நிலத்துக்குள் பரவியது. பறவைகள் விதையைச் சுமந்தன. செஞ்சிடாரின் நிழலில் புல் வளராது, புல் இல்லாத இடத்தில் மாடு ஏது? ஓக்லஹோமா, கான்சாஸ், நெப்ராஸ்கா பண்ணையாளர்கள் தாத்தா காலத்தில் நட்ட மரத்தைப் பேரன் காலத்தில் வெட்ட வண்டி தேடினார்கள்.

வண்டி வாங்குவதைவிடக் கருவியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பணம் போகிறது. ஹைட்ராலிக் கத்தரிக்குச் சாதாரண எண்ணெய் ஓட்டமே போதும். பழைய வண்டியிலும் ஓடும். மெதுவாக நசுக்கி வெட்டுவதால் அடிமரம் பிளந்துவிடும். பலகை அறுப்பவருக்கு அது நஷ்டம், நிலம் சுத்தம் செய்பவருக்குக் கவலையில்லை. சுழல் ரம்பம் வேகமானது. ஆனால் கல்லிலோ பழைய கம்பிவேலியிலோ பட்டால் பொறி பறக்கும், காய்ந்த புல்வெளியில் அது விளையாட்டல்ல. மரத்தைத் தூளாக்கும் மல்ச்சருக்குப் பெரும்பாலும் அதிக எண்ணெய் ஓட்டமுள்ள வண்டியே வேண்டும். கருவிக்காக வண்டியையே மாற்றி, கடனில் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சக்கர வண்டியின் அனுமதிக்கப்பட்ட சுமை, அது கவிழும் சுமையில் பாதி. 4,000 பவுண்டில் கவிழும் வண்டிக்கு 2,000 பவுண்டுதான். அந்தக் கணக்கில் கருவியின் எடையையும், தூக்கிப் பிடித்த மரத்தின் எடையையும் சேர்க்க வேண்டும். உயரத் தூக்கிய மரத்தோடு சரிவில் ஓட்டினால் கணக்கு இன்னும் மோசமாகும்.

செஞ்சிடாரில் ஒரு வசதி உண்டு. கடைசிப் பச்சைக் கிளைக்குக் கீழே வெட்டினால் அது திரும்பத் துளிர்க்காது. கிளைகள் தரையைத் தொடுவதால் ஓட்டுநருக்கு அடிமரம் தெரியாமல் போவதுதான் தொல்லை. அடிக்கட்டையை உயரமாக விட்டால் அடுத்த முறை டயர் கிழியும். டெக்சாஸ் மெஸ்கிட் மரம் நேர் எதிர். அது நம்மூர்ச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. மண்ணுக்குக் கீழே உள்ள மொட்டுகளிலிருந்து நாலைந்து தண்டாகக் கிளம்பும். அதற்கு வேரோடு பிடுங்கும் கருவிதான் சரி. விலை குறைவு என்று அங்கே கத்தரி வாங்கியவர், சில வருடங்களில் அதே வயலில் அதே மரத்தின் முன்னால் வண்டியை நிறுத்தியிருப்பார்.