அருவிப்புரத்து முனிவரும் தமிழும்

துறவி தனிமையை நாடி ஊரை விட்டு அகல்கிறார். சின்னாள் கழிந்தபின் அவரைத் தேடி ஊரே சென்று சேர்கிறது. பல நாட்டு வரலாறுகளிலும் இவ்வுண்மையைக் காணலாம். அயர்லாந்து நாட்டில் ஆறாம் நூற்றாண்டில் கெவின் என்னும் துறவி, கிளெண்டலாக் என்னும் ஏரிப் பள்ளத்தாக்கில் தனித்துறைந்தார். அவரை நாடி வந்தோரால் அத்தனியிடம் நாளடைவில் பெரியதொரு மடமாயிற்று, கல்விக்கூடமும் ஆயிற்று. நம் திருவனந்தபுரத்திற்குத் தெற்கே, நெய்யாற்றின் கரையில், சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் நிகழ்ந்ததும் இத்தகையதே. அங்கே தங்கிய துறவி ஸ்ரீ நாராயண குரு. அவர் வாழ்வை மலையாள நாட்டார் நன்கறிவர். அவ்வாழ்வில் தமிழ் பெற்றிருந்த இடத்தையோ, இந்நகரில் வாழும் தமிழராகிய நாமே முற்றும் உணர்ந்தோமல்லோம்.

இளமையும் கல்வியும்

திருவனந்தபுரம் நகருக்கு வடபால் உள்ள செம்பழந்தியில், 1856ஆம் ஆண்டு, ஈழவர் குலத்தில் குரு தோன்றினார். தந்தையார் மாடன் ஆசான், தாயார் குட்டியம்மை. ஈழவருக்கு அந்நாளில் பெருங்கோயில்களின் வாயில் அடைபட்டிருந்தது. கோயிலைச் சூழ்ந்த தெருக்களிற் பலவும் அடைபட்டிருந்தன. கல்வியும் அரசுப் பணியும் அவர்களுக்கு எளிதில் எட்டாதனவாயின. அத்தகைய காலத்தில் இளைஞராகிய நாராயணர், காயங்குளத்தை அடுத்த புதுப்பள்ளிக்குச் சென்று, இராமன் பிள்ளை ஆசானிடம் வடமொழி பயின்றார். தமிழ் நூல்களையும் ஆர்வத்துடன் கற்றார். திருவிதாங்கூரின் தென்பகுதியில் தமிழ் அன்று அயல்மொழியாய் இருந்ததில்லை. வேணாட்டுக் கல்வெட்டுகளிலும், சாலைக் கடைத்தெருவின் வாணிகத்திலும், சைவ அன்பர்களின் வழிபாட்டிலும் அது வாழ்ந்துகொண்டிருந்தது.

தைக்காட்டு ஆசான்

பின்னர்ச் சட்டம்பி சுவாமிகளின் நட்பு நாராயணருக்குக் கிட்டியது. அந்நட்பின் வழியே அவர் தைக்காட்டு அய்யாவு சுவாமிகளை அடைந்தார். அய்யாவு சுவாமிகள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்; சுப்பராயன் என்பது இயற்பெயர். தைக்காட்டில் இருந்த ஆங்கில ரெசிடெண்டின் மாளிகையில் மேற்பார்வையாளராகப் பணிபுரிந்தார்; மனைவி மக்களோடு இல்லறம் நடத்தினார்; அப்பணிக்கும் இல்லறத்திற்கும் நடுவே யோகமும் பயிற்றினார். நம் பேராசிரியர் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையும் அவரை ஆசானாகப் போற்றினார்; இந்நகரில் சைவப் பிரகாச சபை 1885இல் தோன்றியதில் இவ்விருவர்க்கும் பங்குண்டு. தைப்பூச நாளில் அய்யாவு சுவாமிகள் எல்லாக் குலத்தாரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உணவளித்தார் என்பர். புலையர் குலத்துத் தலைவர் அய்யன்காளியும் அவர்தம் மாணாக்கருள் ஒருவராக எண்ணப்படுகிறார். இப்பந்திக்காக அவரை இகழ்ந்தோர் உண்டு. அவ்விகழ்ச்சி அவர் பந்தியைக் குலைக்கவில்லை.

குகையும் ஆறும்

யோகம் கற்ற நாராயணர் தெற்கு நோக்கி நடந்து, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த மருந்துவாழ்மலையில் தவமிருந்தார். பிள்ளைத்தடம் என்னும் அக்குகையை இன்றும் மக்கள் சென்று காண்கின்றனர். அங்கிருந்து நெய்யாற்றங்கரையை அடுத்த அருவிப்புரம் வந்து சேர்ந்தார். காடும் பாறையும் ஆற்றின் ஓசையுமே துணையாயிருந்த அவரை நாடி மக்கள் திரண்டனர். 1888ஆம் ஆண்டு சிவராத்திரி இரவில், ஆற்றில் மூழ்கிக் கல்லொன்றை எடுத்து வந்து, அதனையே சிவலிங்கமாக நிலைநாட்டினார். அந்தணரல்லாதார், அதிலும் தீண்டாமைக்கு உட்பட்டார் ஒருவர், தெய்வத்தை நிலைநிறுத்துதல் அந்நாளில் எவரும் எண்ணாத செயல். படை திரட்டாமலும் வசைமொழி கூறாமலும், ஓர் ஆற்றுக்கல்லைக் கொண்டு அவர் நூற்றாண்டுகளின் தடையைக் கடந்தார். சாதி வேற்றுமையும் சமயப் பகையும் இன்றி யாவரும் உடன்பிறந்தார் போல் வாழும் இடமே அது என்று ஆங்கே எழுதியும் வைத்தார்.

அவ்விதையிலிருந்து கிளைத்தவை பல. 1903இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் நிறுவப்பட்டது. குரு தலைவராகவும் கவிஞர் குமாரன் ஆசான் செயலாளராகவும் விளங்கினர். வர்க்கலைச் சிவகிரியில் மடமும், 1912இல் சாரதை கோயிலும், 1913இல் ஆலுவாயில் அத்வைத ஆசிரமமும் அமைந்தன. 1924இல் ஆலுவாயில் அனைத்துச் சமய மாநாடு கூடியது. 1922இல் இரவீந்திரநாத தாகூரும் 1925இல் காந்தியடிகளும் சிவகிரிக்கு வந்தனர். 1928 செப்டம்பர் 20ஆம் நாள் குரு சமாதியடைந்தார். எட்டாண்டு கழித்து, 1936 நவம்பர் 12ஆம் நாள், திருவிதாங்கூரின் அரசுக் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன.

தமிழுக்கு அவர் செய்த கைம்மாறு

குரு தமிழில் தேவாரப் பதிகங்கள் பாடினார். திருக்குறளின் சில அதிகாரங்களை மலையாளத்தில் ஆக்கினார். கண்ணுடைய வள்ளலாரின் ஒழிவிலொடுக்கத்தையும் மலையாளத்தில் தந்தார். அந்நூலை 1851இல் அச்சேற்றியவர் வடலூர் இராமலிங்க அடிகள் என்பதை ஈண்டு நினைத்தல் தகும். சாதியும் சமயமும் கடந்த நெறியை வடலூரில் ஒருவரும் அருவிப்புரத்தில் ஒருவரும் நிலைநாட்டினர். இருவர் கைகளிலும் ஒரே தமிழேடு தவழ்ந்திருக்கிறது.

இதனின்று நாம் பெறுவது யாது? பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்த நம் முன்னோர் மூட்டை முடிச்சுகளோடு மொழியைச் சுமந்து வந்தனர். சாதியையும் சுமந்து வந்தனர். தைக்காட்டுப் பந்தி அவர்களையும் நோக்கியே ஒரு வினாவை எழுப்பியது. மொழியோ இன்று நம் இல்லங்களில் மெலிந்து வருகிறது. நம் பிள்ளைகள் தமிழைப் பேசுகின்றனர். எழுத்துக் கூட்டிப் படிக்க இடர்ப்படுகின்றனர். சாதியோ மணமேடையில் இன்னும் வலுவாக வீற்றிருக்கிறது. காக்க வேண்டியதை நழுவவிட்டு, கைவிட வேண்டியதைக் காத்து வருகிறோமோ என்னும் ஐயம் எழுகின்றது.

ஆண்டுதோறும் டிசம்பர்த் திங்களின் இறுதியில் மஞ்சளாடை உடுத்தோர் சிவகிரி நோக்கி அணியணியாய் நடப்பர். கல்வி, தூய்மை, பக்தி, அமைப்பு, உழவு, வாணிகம், கைத்தொழில், தொழில்நுட்பம் என்னும் எட்டும் அத்திருப்பயணத்தின் குறிக்கோள்கள். அவ்வணியைக் காணும்போது நம் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி சொல்வோம்: அந்தத் துறவி படித்த மொழிகளுள் ஒன்று நம் வீட்டு மொழி. ஒருநாள் அவர்களை அருவிப்புரத்திற்கும் அழைத்துச் செல்வோம். ஆற்றங்கரையில் அமர்ந்து, அவர் மொழிபெயர்த்த திருக்குறளை நம் தமிழில் அவர்களே படிக்கட்டும். அருகில் அமர்பவர் எக்குலத்தவர் என்று அங்கே எவரும் வினவ வேண்டா.